யார் இந்த அருண் ஷோரி? முதல்வரை வீழ்த்திய பத்திரிகையாளர், அரசு நிறுவனங்களை விற்ற அமைச்சர்: முழு விவரம்

2020 செப்டம்பர் மாதம். ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் உள்ள சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. உதய்பூரில் ஃபதேசாகர் ஏரிக்கரையில் இருக்கும் லட்சுமி விலாஸ் பேலஸ் ஓட்டல், வாஜ்பாய் ஆட்சியில் 7.52 கோடி ரூபாய்க்கு தனியாருக்கு விற்கப்பட்டது. "அதன் உண்மையான மதிப்பு 252 கோடிக்கு மேல். அரசுக்கு 244 கோடி நஷ்டம்" என்பது வழக்கு. இதில் குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று சிபிஐயே வழக்கை முடித்துவைக்கச் சொல்லி அறிக்கை கொடுத்திருந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 5 பேர் மீது வழக்கு நடத்தச் சொன்னது. அதில் ஒருவர் முன்னாள் மத்திய அமைச்சர் அருண் ஷோரி. அப்போது அவருக்கு வயது 78.

அடுத்த சில நாட்களிலேயே ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. ஆனாலும் செய்தி நாடு முழுக்கப் பரபரப்பானது. காரணம், ஊழல் கோப்புகளைத் தோண்டி எடுத்து எழுதி, ஒரு முதல்வரின் பதவியையே பறித்த பத்திரிகையாளர்தான் இந்த ஷோரி. இப்போது அவர் கையெழுத்து போட்ட கோப்பையே மற்றவர்கள் தோண்டினார்கள்.

உலக வங்கியில் இருந்து பத்திரிகைக்கு

1941-ல் ஜலந்தரில் பிறந்தவர் ஷோரி. டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படித்துவிட்டு, அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்பா எச்.டி.ஷோரி, 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பை ஆரம்பித்தவர். பொதுநல வழக்குகளுக்குப் பேர்போன அமைப்பு அது. கோர்ட்டில் மனு போடுவது அந்த வீட்டுக்கே பழக்கம் என்று சொல்லலாம்.

1967-ல் உலக வங்கியில் பொருளாதார நிபுணராகச் சேர்ந்த ஷோரி, இடையில் திட்டக்குழுவுக்கும் ஆலோசகராக இருந்தார். அதாவது ரிப்போர்ட்டராகத் தெருவில் அலைந்து வளர்ந்தவர் இல்லை. பட்ஜெட் அட்டவணை, கமிட்டி அறிக்கை, அரசாணை என்று காகிதத்தோடு வாழ்ந்தவர். அவருடைய பாணியே பின்னாளில் இப்படித்தான் அமைந்தது: யாரோ சொன்னார் என்று எழுத மாட்டார், கோப்பின் எண்ணைப் போட்டு, அதிகாரி எழுதிய குறிப்பையே எடுத்துப் போடுவார்.

எமர்ஜென்சி காலத்தில் இந்திரா காந்தி அரசை எதிர்த்து எழுத ஆரம்பித்தார். 1979-ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் உரிமையாளர் ராம்நாத் கோயங்கா அவரை நிர்வாக ஆசிரியராக உட்காரவைத்தார்.

இந்த எக்ஸ்பிரஸ் பத்திரிகை பிறந்தது நம்ம சென்னையில். 1932-ல் வரதராஜுலு நாயுடு தொடங்கியது, பிறகு கோயங்கா கைக்குப் போனது. அந்தக் குழுமம் இருந்த 'எக்ஸ்பிரஸ் எஸ்டேட்' இடத்தில்தான் இன்று ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் நிற்கிறது.

பாகல்பூர் முதல் கமலா வரை

ஷோரி ஆசிரியராக இருந்த அந்த மூன்று ஆண்டுகளில் வந்த செய்திகளை இதழியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பீகார் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குத்தி, ஆசிட் ஊற்றிப் பார்வையைப் பறித்த கொடுமையை 1980-ல் எக்ஸ்பிரஸ் நிருபர் அருண் சின்ஹா வெளியே கொண்டுவந்தார். அது உச்ச நீதிமன்றம் போனது. வசதி இல்லாத கைதிக்கு இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுப்பது அரசின் கடமை என்று நீதிமன்றம் அழுத்திச் சொன்ன தீர்ப்புகளில் அந்த வழக்கும் ஒன்று.

1981-ல் அஸ்வினி சரின் என்ற நிருபர் 2,300 ரூபாய் கொடுத்து ஒரு பெண்ணை விலைக்கே வாங்கி வந்தார். பெண்கள் சந்தைப் பொருளாக விற்கப்படுவதை நிரூபிக்கத்தான் இப்படிச் செய்தார்கள். விஜய் டெண்டுல்கர் எழுதிய 'கமலா' நாடகம் இதை வைத்து வந்ததுதான். செய்திக்காக ஒரு பெண்ணை வாங்கலாமா, அதற்குப் பிறகு அந்தப் பெண் கதி என்ன என்ற கேள்வியை அந்த நாடகம் பத்திரிகைக்காரர்களைப் பார்த்தே கேட்டது. நியாயமான கேள்வி.

அந்துலே விவகாரம்: சிமெண்ட் கொடுத்தால் நன்கொடை

ஷோரியின் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது அந்துலே விவகாரம். இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். இப்போது கடைக்குப் போனால் எத்தனை மூட்டை சிமெண்ட் வேண்டுமானாலும் வாங்கலாம். அன்றைக்கு அப்படி இல்லை. சிமெண்டுக்கு அரசுக் கட்டுப்பாடு இருந்தது. யாருக்கு எவ்வளவு என்று அரசு ஒதுக்க வேண்டும். ஒதுக்கீடு கிடைக்காதவர்கள் கறுப்புச் சந்தையில் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். அப்படியென்றால் ஒதுக்கீட்டுக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மகாராஷ்டிர முதல்வராக இருந்த ஏ.ஆர்.அந்துலே, கலைஞர்கள், எழுத்தாளர்களுக்கு உதவுவதாகச் சொல்லி ஓர் அறக்கட்டளை தொடங்கினார். இந்திரா காந்தியின் பெயரிலேயே 'இந்திரா காந்தி பிரதிபா பிரதிஷ்டான்'. பம்பாய் பில்டர்கள் இதற்கு நன்கொடை கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு சிமெண்ட் ஒதுக்கீடு கிடைத்தது. 1981 ஆகஸ்ட் 31 அன்று இந்தக் கணக்கை எக்ஸ்பிரஸில் பெரிய கட்டுரையாகப் போட்டார் ஷோரி. யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு எவ்வளவு சிமெண்ட் போனது என்று ஆவணங்களோடு.

நாடாளுமன்றத்தில் அமளி. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. நன்கொடைக்கும் சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1982 ஜனவரியில் நீதிபதி லென்டின் தீர்ப்பு சொன்னார். அந்துலே ராஜினாமா செய்தார். அடுத்த மாதமே சிமெண்ட் மீதான கட்டுப்பாட்டை மத்திய அரசு பாதி தளர்த்தியது.

அந்துலே கதை அத்தோடு முடியவில்லை. அவர் மீதான ஊழல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் கீழ் நீதிமன்றத்துக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்தது. 1984, 1988 ஆண்டுகளில் வந்த அந்துலே தீர்ப்புகள் சட்டக் கல்லூரிப் பாடம். மன்மோகன் சிங் ஆட்சியில் அந்துலே மத்திய அமைச்சராகவே திரும்பி வந்தார்.

ஷோரிக்கு என்ன ஆனது? அதே 1982-ல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. அதே 1982-ல் கோயங்கா அவரை வேலையை விட்டும் நீக்கினார். சில காலம் டைம்ஸ் ஆஃப் இந்தியா, பிறகு கோயங்காவே கூப்பிட்டு மறுபடி எக்ஸ்பிரஸ். இந்த இரண்டாவது சுற்றில் போஃபர்ஸ் காலம், ராஜீவ் காந்தி அரசோடு நேரடி மோதல். 1988-ல் ராஜீவ் கொண்டுவந்த அவதூறு மசோதாவை எதிர்த்துப் பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கினார்கள். மசோதா வாபஸ் ஆனது. 1990-ல் ஷோரி மறுபடியும் நீக்கப்பட்டார்.

தமிழ்நாட்டில் ஏன் அவர் மீது கோபம்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் கட்டுரை அரைகுறையாகிவிடும். 1990-ல் வி.பி.சிங் மண்டல் கமிஷன் பரிந்துரையை அமல்படுத்தியபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஷோரி முன்வரிசை. 1997-ல் அம்பேத்கரை விமர்சித்து 'வொர்ஷிப்பிங் ஃபால்ஸ் காட்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆவணங்களைத் தனக்கு வேண்டிய மாதிரி வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறார் என்று ஆய்வாளர்களும் தலித் அமைப்புகளும் சாடினார்கள். இடஒதுக்கீட்டை உரிமையாகப் பார்க்கும் தமிழ்நாட்டில், ஊழலுக்கு எதிரான ஷோரியைப் பாராட்டிய பலர் இந்த ஷோரியை ஏற்கவே இல்லை.

1998-ல் பாஜக சார்பில் உத்தரப் பிரதேசத்தில் இருந்து மாநிலங்களவைக்குப் போனார். வாஜ்பாய் அமைச்சரவையில் இணையமைச்சராக நுழைந்து, பிறகு கேபினட் அமைச்சர். கைக்கு வந்த துறை, பங்கு விற்பனைத் துறை.

பங்கு விற்பனைத் துறை என்ன செய்தது?

அதுவரை அரசு நிறுவனங்களின் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விற்பார்கள். நிர்வாகம் அரசிடமே இருக்கும். வாஜ்பாய் அரசு இன்னொரு வழியை எடுத்தது. பங்கோடு சேர்த்து நிர்வாகத்தையும் ஒரே நிறுவனத்திடம் கொடுத்துவிடுவது. தமிழில் 'கேந்திர விற்பனை' என்று எழுதுகிறோம். சாதாரணமாகச் சொன்னால், கல்லாப்பெட்டிச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது.

2001-ல் அலுமினியம் தயாரிக்கும் பால்கோவின் 51% பங்குகள் 551.5 கோடி ரூபாய்க்கு ஸ்டெர்லைட் நிறுவனத்துக்குப் போனது. ஆமாம், தூத்துக்குடியில் தாமிர ஆலை நடத்திய அதே ஸ்டெர்லைட். சத்தீஸ்கரின் கோர்பாவில் தொழிலாளர்கள் 67 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதல்வர் அஜித் ஜோகி அவர்கள் பக்கம் நின்றார். அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இது அரசின் பொருளாதாரக் கொள்கை முடிவு, நாங்கள் தலையிட மாட்டோம் என்று சொல்லிவிட்டது.

அதன் பிறகு வேகம் பிடித்தது. 2002-ல் விஎஸ்என்எல் நிறுவனத்தின் 25% பங்கு 1,439 கோடிக்கு டாடாவிடம் போனது. ஐபிசிஎல் ரிலையன்ஸிடம். ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் 26% பங்கு 445 கோடிக்கு மறுபடி ஸ்டெர்லைட்டிடம். மாருதியில் சுசுகிக்கு நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக 1,000 கோடி வாங்கினார்கள். 2003-ல் மாருதி பங்கு 125 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. இடையில் ஐடிடிசி ஓட்டல்கள் ஒவ்வொன்றாக.

கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. விஎஸ்என்எல்லை வாங்கிய கையோடு, அந்த நிறுவனத்தின் 1,200 கோடியை டாடாவின் இன்னொரு டெலிகாம் நிறுவனத்தில் போட முடிவெடுத்தபோது, தொலைத்தொடர்பு அமைச்சர் பிரமோத் மகாஜன் வெளிப்படையாகவே கொதித்தார். எண்ணெய் நிறுவனங்கள் விஷயத்தில்தான் பிரேக் விழுந்தது. எச்பிசிஎல், பிபிசிஎல் இரண்டும் நாடாளுமன்றச் சட்டம் மூலம் அரசுடைமை ஆனவை, நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்று 2003 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

விலையை எப்படி முடிவு செய்தார்கள்?

சண்டை எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான்.

ஊருக்கு நடுவில் ஒரு பழைய தியேட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் ஓடவில்லை, மாதாமாதம் நஷ்டம். தியேட்டராக நடத்தி எவ்வளவு வருமானம் வரும் என்று கணக்குப் போட்டால் விலை அடிமட்டத்துக்குப் போகும். ஆனா அது நிற்கும் மனையின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இரண்டு கணக்கும் பொய் இல்லை. எதை எடுக்கிறோம் என்பதில்தான் கோடிகள் மாறும்.

எதிர்காலத்தில் வரக்கூடிய வருமானத்தை இன்றைய மதிப்பில் கணக்கிடும் முறைக்குத்தான் அந்தத் துறை அதிக எடை கொடுத்தது. தொழிலாக நடத்த வாங்குபவர் அந்தக் கணக்கைத்தான் பார்ப்பார், மனை விலையைச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். எதிர்த்தவர்கள் கேட்டது: வாங்கியவர் நாளைக்கே நிலத்தை விற்றால்?

விஎஸ்என்எல் விஷயத்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். டெல்லி, சென்னை உட்பட 4 நகரங்களில் இருந்த 773 ஏக்கர் உபரி நிலம் விற்பனையில் சேராது, தனியாகப் பிரிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அந்த நிலத்தைப் பிரித்து ஹெமிஸ்பியர் பிராபர்ட்டீஸ் என்ற தனி நிறுவனத்துக்கு மாற்றி முடிக்க 2019 ஆகிவிட்டது என்பது வேறு கதை.

மும்பை விமான நிலையம் பக்கத்தில் இருந்த சென்டார் ஓட்டலில்தான் மாட்டிக்கொண்டார்கள். 83 கோடிக்கு வாங்கிய நிறுவனம், சில மாதங்களிலேயே 115 கோடிக்கு சஹாராவிடம் விற்றுவிட்டது. சிஏஜி இதைக் கேள்வி கேட்டது. ஷோரி நாடாளுமன்றத்தில் நீண்ட விளக்கம் கொடுத்தார். அதிக விலை கேட்டு வேறு யாருமே வரவில்லை என்பதுதான் அதன் சாரம். இதே கட்டுரையை வேறொரு அமைச்சரைப் பற்றி 1981-ல் அவர் எழுதியிருந்தால், அந்த 32 கோடி வித்தியாசம்தான் தலைப்பாக இருந்திருக்கும்.

ரிலையன்ஸும் 501 ரூபாய் போனும்

2003 ஜனவரியில் மகாஜன் வெளியே, தொலைத்தொடர்புத் துறையும் ஷோரி கைக்கு வந்தது. 501 ரூபாய் கட்டினால் ரிலையன்ஸ் போன் என்று தெருவெல்லாம் விளம்பரம் வந்த வருஷம் அது. ரிலையன்ஸிடம் இருந்தது முழு செல்போன் உரிமம் இல்லை, ஒரு ஊருக்குள் மட்டும் செல்லும் குறைந்த கட்டண உரிமம். அதை வைத்துக்கொண்டு முழு செல்போன் சேவையே நடத்துகிறார்கள் என்று மற்ற நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2003 நவம்பரில் மத்திய அரசு எல்லா உரிமங்களையும் ஒன்றாக்கியது. 1,500 கோடிக்கு மேல் கட்டணமும் அபராதமும் கட்டிவிட்டு ரிலையன்ஸ் முறைப்படி உள்ளே வந்தது.

இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1986-ல் ரிலையன்ஸை எதிர்த்து எக்ஸ்பிரஸில் தொடர் எழுதியவர் சென்னை ஆடிட்டர் எஸ்.குருமூர்த்தி, ஷோரியின் நண்பர். அந்தப் பத்திரிகையின் முகமாக இருந்த ஷோரி, அமைச்சரானபின் திருபாய் அம்பானி நினைவு நிகழ்ச்சியில் பேசும்போது, அம்பானி போன்றவர்கள் விதிகளை மீறியதாலேயே அந்த விதிகள் எவ்வளவு அபத்தம் என்று நாட்டுக்குத் தெரிந்தது என்கிற அர்த்தத்தில் பாராட்டினார். மனமாற்றம் என்றார்கள் சிலர். பல்டி என்றார்கள் பலர். கட்டுப்பாட்டால் சிமெண்டில் ஊழல் பிறந்ததை நேரில் பார்த்தவர், கட்டுப்பாடே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தது அவ்வளவு ஆச்சரியம் இல்லை.

2ஜி வழக்கு கிளம்பியபோது 2001-ல் இருந்தே விசாரிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதனால் 2011-ல் சிபிஐ ஷோரியையும் அழைத்து விளக்கம் கேட்டது. அவர் மீது வழக்கு எதுவும் வரவில்லை.

அமைச்சருக்குப் பிறகு?

2014-ல் பாஜக ஆட்சிக்கு வந்தது. ஷோரிக்கு இடம் இல்லை. அடுத்த ஆண்டில் இருந்தே மோடி அரசை வெளிப்படையாக விமர்சிக்க ஆரம்பித்தார். பதவி கிடைக்காத ஆத்திரம் என்றது பாஜக தரப்பு.

அதே 2014 ஜூலையில் ஒரு பழைய வழக்கும் முடிந்தது. 1990-ல் எக்ஸ்பிரஸில் எழுதிய ஒரு தலையங்கத்தில், விசாரணைக் கமிஷன் நடத்திய நீதிபதி குல்தீப் சிங்கை விமர்சித்ததற்காக சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த அவமதிப்பு வழக்கு. விசாரணைக் கமிஷன் என்பது நீதிமன்றம் ஆகாது, உண்மையைச் சொன்னேன் என்பதும் சரியான தற்காப்புதான் என்று 5 நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஒரு தலையங்கத்துக்கு 24 வருஷம்!

2018-ல் யஷ்வந்த் சின்ஹா, பிரசாந்த் பூஷணுடன் சேர்ந்து ரஃபேல் விமான ஒப்பந்தத்தை விசாரிக்கக் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். டிசம்பர் 14-ல் மனு தள்ளுபடி. சீராய்வு மனுவில் அவர்கள் காட்டியது, சென்னையில் இருந்து வெளிவரும் தி இந்து நாளிதழில் என்.ராம் வெளியிட்ட பாதுகாப்புத் துறைக் கோப்புகளை. அவை திருடப்பட்ட ஆவணங்கள், பார்க்கவே கூடாது என்றது அரசு. 2019 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தை நிராகரித்தது. பத்திரிகையில் வெளியான கோப்பை ஆதாரமாகப் பார்க்கலாம் என்றது. ஆனால் நவம்பர் 14-ல் சீராய்வு மனுவும் தள்ளுபடி ஆனது.

2021-ல் தேசத்துரோகச் சட்டப் பிரிவை எதிர்த்து அவரும், அப்பா தொடங்கிய காமன் காஸ் அமைப்பும் சேர்ந்து மனு போட்டார்கள். இது போன்ற பல மனுக்களை ஒன்றாக விசாரித்த உச்ச நீதிமன்றம், 2022 மே மாதம் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது.

இதற்கு இடையில், 2021 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றத்தில் இருந்து இன்னொரு உத்தரவும் வந்திருந்தது. ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் 2002-ம் ஆண்டு விற்பனை பற்றி முதற்கட்ட விசாரணை நடத்தி, ஒன்றுமில்லை என்று சிபிஐ மூடிவைத்திருந்தது. அதைத் திறந்து முறையாக வழக்குப் பதிவு செய்யுங்கள் என்றார்கள் நீதிபதிகள். பால்கோவில் மீதி 49% பங்கு இன்னும் மத்திய அரசிடம்தான் இருக்கிறது.